பெரியப்பாவின் மோட்டாரும் என் கிராபிக்ஸ் கார்டும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்னென்ன பாகங்கள் வாங்குவது என்பதை முடிவு செய்தது நான்தான் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உண்மையில் முடிவு செய்தது, பக்கத்து வீட்டுப் பெரியப்பா மேல் அப்பாவுக்கு இருந்த வெறுப்பு. நான் அந்த வெறுப்புக்கு டெக்னிக்கல் ஆலோசகர், அவ்வளவுதான்.

பெரியப்பா அப்பாவின் உடன்பிறந்தவர் அல்ல. அப்பாவுக்குப் பெரியப்பா மகன், பங்காளி. கோம்பைக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே, ஊர் முடிந்து தோட்டம் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் இரண்டு வீடும் இருந்தன. நடுவில் ஒரு சுவர், சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இடிசல். இடிந்ததை யார் கட்டுவது என்பதிலும் தகராறு இருந்ததால் அது அப்படியே கிடந்தது. தாத்தாக்கள் காலத்துப் பாகப்பிரிவினையில் கிணறும் மேட்டுத் தோட்டமும் அவர்களுக்குப் போனது. வாய்க்கால் பாயும் வயல் எங்களுக்கு வந்தது. கிணற்றை அமுக்கிக்கொண்டார்கள் என்று நாங்கள் சொன்னோம். தானாகத் தண்ணீர் வந்து பாயும் வயலை அமுக்கிக்கொண்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டு தரப்புமே ஏமாந்த பாகப்பிரிவினை உலகத்தில் இது ஒன்றுதான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிறகு கம்பம் வரைக்கும் நாலு ஊரில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் வந்தபோதுதான் எல்லாப் பாகப்பிரிவினையும் அப்படித்தான் என்று தெரிந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அடியோடு பேசாமலிருந்தால் சண்டை செத்துப்போகும் இல்லையா? அதனால் சாடை பேசினார்கள். அதாவது, அடுத்தவரைச் சொல்ல வேண்டியதை அவர் காதில் விழும்படி வேறு எதையாவது பார்த்துச் சொல்வது. இதில் பெரியப்பாவுக்கு வசதி அதிகம். அவரிடம் நாய் இருந்தது. செவலை உடம்பும் கருத்த வாயுமாக, கோம்பையிலேயே பிறந்த அசல் கோம்பை நாய். எங்கள் வீட்டில் நாய், ஆடு, கோழி எதுவும் கிடையாது. ஆகவே அப்பா தன் மொபெட்டைத் திட்டினார். அது எந்தக் காலையிலும் முதல் உதையில் கிளம்பியதில்லை என்பதால் திட்டுவதற்கு நேரமும் நியாயமும் நிறைய இருந்தன.

“ஏலே, இருக்கிறவன் வாசல்ல கெட. இல்லாதவன் வாசலுக்குப் போனா கஞ்சித்தண்ணி கூட ஊத்த மாட்டாக” என்பார் பெரியப்பா, நாயின் தலையைத் தடவிக்கொண்டே.

“கெணத்துல தண்ணி கெடக்குன்னு ரொம்ப ஆடாத. உன் டேங்குல எம்புட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும்” என்பார் அப்பா, மொபெட்டை உதைத்துக்கொண்டே.

கிணறு எப்படி மொபெட்டுக்குள் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கலையில் உவமைப் பொருத்தம் பார்ப்பதில்லை. உவமை, பொருத்தம் எல்லாம் படித்து தமிழில் எம்.ஏ. வாங்கியிருந்த நான், வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் என் தங்கை பிளஸ் டூவுக்கு வந்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அவளுக்கு ஒரே ஒரு ஆசை: கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்க வேண்டும். கோயம்புத்தூர்தான் முக்கியம், இன்ஜினியரிங் ரெண்டாம்பட்சம் என்பது என் சந்தேகம். நாயையும் மொபெட்டையும் திட்டுகிற சத்தம் கேட்காத தூரம் என்று கணக்குப் போட்டிருப்பாள். அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

“கம்ப்யூட்டர் பாடத்துல எரநூத்துக்கு எரநூறு எடு ஆத்தா, நானே பஸ் ஏத்தி விடுறேன். ஒரு மார்க்கு கொறஞ்சாலும் இங்கனயே டீச்சர் ட்ரைனிங். கொறஞ்ச மார்க்கோட வெளியூரு அனுப்பி, பக்கத்து வீட்டுல சிரிக்க விடமாட்டேன்.”

எரநூறில் ஐம்பது செய்முறைத் தேர்வுக்கு. பள்ளிக்கூடத்தில் கீபோர்டு அவள் கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் தவிர முடியாது என்றாள். அதற்கு அப்பா சம்மதித்த நிமிடத்தில் நான் குறுக்கே விழுந்தேன். கடையில் ரெடிமேடாக வாங்குவது முட்டாள்தனம், பாகம் பாகமாகப் பொறுக்கி வாங்கினால் நானே பூட்டிவிடுவேன் என்றேன். தேனி பஸ் ஸ்டாண்டில் விற்கும் கம்ப்யூட்டர் பத்திரிகையை ஒன்றரை வருடமாகப் படித்து வந்தேன். அதில் வரும் பாகங்களின் பெயர்களைப் பழைய செய்யுள்களைப் போல மனப்பாடம் செய்திருந்தேன். செய்யுளில் வருகிற எதையும் போலவே இவற்றையும் நேரில் பார்த்ததில்லை. பத்திரிகையோடு ஒட்டிக் கொடுத்த சிடியில் ஒரு கார் பந்தய விளையாட்டு இருந்தது. அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் என் கல்விக் கொள்கை.

தேனியில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், உரக்கடைக்கு மேல் மாடியில் அந்தக் கடை இருந்தது. கீழேயிருந்து பூச்சிமருந்து வாடை வந்துகொண்டே இருக்கும். நாங்கள் மூன்று பேரும் ஏறிப் போனதும் கடைக்காரர் என் கையில் இருந்த பத்திரிகையைப் பார்த்தார். பிறகு தங்கையின் யூனிபாரத்தைப் பார்த்தார்.

“புஸ்தகத்த தூக்கிட்டு வர்றவுக ஒரு சாதி. பிள்ளைய கூட்டிட்டு வர்றவுக ஒரு சாதி. நீங்க ரெண்டயும் சேத்துல்ல கொண்டாந்திருக்கீக” என்றார். அதற்குப் பிறகு கடைசிவரை அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை.

அப்பா கேபினட் என்கிற அந்தத் தகரப் பெட்டியை மாடு பிடிக்கிற மாதிரி பிடித்தார். சுற்றி வந்தார். தட்டினார். பக்கத்துத் தகட்டைக் கழற்றச் சொல்லி, பல் பார்ப்பதுபோல உள்ளே குனிந்து பார்த்தார்.

“உள்ள ஒண்ணுமில்லயேப்பா.”

“இனிமேத்தான்யா வைக்கணும்” என்றார் கடைக்காரர்.

“அப்ப வெறும் பொட்டிக்கா இம்புட்டு சொல்றீக?”

மதர்போர்டை முகர்ந்து பார்த்தார். இரண்டு ராம்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரே எடையாக இருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் ஏன் கூடுதல் விலை என்று கேட்டார். ஒன்றில் இரண்டு மடங்கு ஞாபகம் நிற்கும் என்று நான் விளக்கினேன். “எனக்கு இருக்கிற ஞாபகமே போதும்” என்று பெரியப்பா வீட்டுத் திசையை, அதாவது மேற்கே, பார்த்தார். ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ், மானிட்டர் எல்லாம் ஒருவழியாக முடிந்தன. அந்த மத்தியானத்தில் கடைக்காரர் முகத்தில் ஒரு தடவை கூடச் சிரிப்பு வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அவர் கேட்டார்:

“யூபிஎஸ் போட்டுருவோம்ல?”

“அது என்னது?” என்றார் அப்பா.

“பேட்டரிப் பொட்டி. உங்க பக்கமெல்லாம் பம்புசெட்டு ஜாஸ்தி. சாயந்தரம் த்ரீபேஸ் கரண்டு விட்டதும் மோட்டாரு போடுவாக. போட்ட நிமிசம் வோல்டேஜ் பொசுக்குன்னு எறங்கும், கம்ப்யூட்டர் அணைஞ்சு மறுபடி மொதல்லருந்து வரும். செஞ்ச வேலை அம்புட்டும் போச்சு. இந்தப் பொட்டி இருந்தா அணையாது.”

“கட்டாயம் வேணும்” என்றாள் தங்கை.

என் கண் அப்போது கண்ணாடி அலமாரியில் இருந்தது. அங்கே ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது. அது இல்லாமல் கார் பந்தயம் நத்தை பந்தயமாகத்தான் ஓடும் என்று பத்திரிகை சொல்லியிருந்தது. யூபிஎஸ், கார்டு இரண்டுக்கும் அப்பா சம்மதிக்கவே மாட்டார். ஒன்றுதான்.

“யாரு மோட்டாரு போட்டா?” என்று கேட்டார் அப்பா.

“நமக்கு, பக்கத்துத் தோட்டத்து மோட்டாருதான்ப்பா” என்றேன். இதைவிட மெதுவாகவும் இதைவிடத் தெளிவாகவும் நான் எதையும் சொன்னதில்லை.

அப்பாவின் கழுத்து நரம்பு எழுந்தது.

“அவன் மோட்டாரு போடுறான்னு நான் பேட்டரி வாங்கணுமா? நாளைக்கு அவன் நாயி கொரைக்குதுன்னு காதுக்குப் பஞ்சு வாங்கச் சொல்வீகளா?”

“அப்பா, நான் எழுதுற புரோகிராமெல்லாம் போயிரும்ப்பா.”

“இல்ல ஆத்தா. இந்தப் பொட்டிய பஸ்ஸுல ஏத்தி ஊருக்குள்ள எறக்குனா, அவன் அந்த நாயிகிட்ட என்ன சொல்லுவான்? என் மோட்டாருக்குப் பயந்து பொட்டி வாங்கிட்டு வாராகன்னு சொல்ல மாட்டான்?”

கடைக்காரர் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் முகத்தைப் பார்த்தார். நாய், மோட்டார், பொட்டி மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரிந்திருக்காது. அந்த இடைவெளியில் நான் கிராபிக்ஸ் கார்டைப் புகுத்தினேன். படம் தெளிவாகத் தெரியும், பாடத்துக்கு ரொம்ப உதவும், முக்கியமாக உயிரியல் பாடத்துக்கு என்றேன்.

“எனக்கு பயாலஜியே கெடையாது” என்றாள் தங்கை.

அப்பா அதைக் கேட்காமல் வேறு ஒன்று கேட்டார். “இது மேக்க யார் வீட்டுலயும் இருக்கா?”

“கோம்பையிலயே யார்கிட்டயும் இல்ல” என்றேன். கோம்பையில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

கார்டு வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது தங்கை மானிட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, சின்னமனூர் தாண்டும் வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். எங்கள் வீட்டில் நேராகத் திட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பூட்டினேன். நல்ல நேரம் பார்த்து, அம்மா பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகு பட்டனை அழுத்தினேன். ஓடியது. எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பகல் முழுக்க நான் கார் ஓட்டினேன். எனக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஆனால் அந்தத் திரையில் நான் பனிமலைகளைத் தாண்டிப் பறந்தேன். சாயந்தரம் தங்கை பள்ளிவிட்டு வந்து உட்கார்ந்து சி பிளஸ் பிளஸ் புரோகிராம் அடிக்க ஆரம்பித்தாள். த்ரீபேஸ் வந்தது. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் அறையில் ஸ்டார்ட்டர் லிவர் விழுந்து மோட்டார் ஓடியது. எங்கள் வீட்டு பல்பு செக்கச்செவேல் என்று குறுகியது, திரையில் இருந்த எழுத்துகள் நாலு பக்கத்திலிருந்தும் உள்ளே சுருங்கின, ஒரு டிக். பிறகு மானிட்டர் எங்களைப் புதிதாகப் பார்ப்பதுபோல முதலிலிருந்து ஆரம்பித்தது.

பகலில் மோட்டார் கிடையாது. ஆகவே பகல் என்னுடையதாகவும், மோட்டார் அவளுடையதாகவும் பிரிந்தது. இதுவும் ஒரு பாகப்பிரிவினைதான். இதில் மட்டும் ஏமாந்தது ஒரே தரப்பு.

அவள் அழவில்லை. நாலைந்து நாள் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தாள். பெரியப்பாவின் நாய் மோட்டார் அறை வாசலில் நிழலில் படுத்திருக்கும். மோட்டார் போடுவதற்கு முன் அவர் அதை எழுப்பி விரட்ட வேண்டும். விரட்டும் சாக்கில் எங்களைத் திட்டுவார். ஆக, திட்டு வந்தால் கொஞ்ச நேரத்தில் மோட்டார் வரும். திட்டு காதில் விழுந்ததும் எஃப் டூ பட்டனை அழுத்தினால் செய்த வேலை சேவ் ஆகிவிடும். அணைந்து வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

“எந்திரிலே, மூதேவி! வாய்க்காத் தண்ணிய நம்பிப் படுத்துக் கெடக்கிறவுக மாதிரி பொழுது சாயிறப்பவும் தூக்கமா?” என்று அங்கே சத்தம் வரும்.

இங்கே எஃப் டூ.

“இன்னைக்கு நல்லா நீட்டித் திட்டுனாக. ரெண்டு தடவ சேவ் பண்ணிட்டேன்” என்பாள்.

“அவன் என்னைய வையிறான். நீ அவனுக்கு நன்றி சொல்றியா?” என்று அப்பா கொதிப்பார். அவருக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவே இல்லை. எதிரியின் திட்டு ஒருவருக்காவது பயன்படுகிறது என்பது அவர் சண்டைக்கே இழுக்கு. மறுநாள் காலையில் மொபெட் கூடுதலாக வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

பெரியப்பா சும்மா இருப்பாரா? பொங்கலுக்கு முன்னால் அவர் வீட்டுக்கும் கம்ப்யூட்டர் வந்தது. கம்பத்தில் வாங்கி, கேரள எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்றைப் பிடித்து, ஊர் எல்லையிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே கொண்டுவந்தார்கள். யூபிஎஸ் பெட்டியை மட்டும் ஜீப்பில் வைக்காமல், உத்தமபாளையம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வந்தான். ஊர் பார்க்க வேண்டும் என்பது பெரியப்பாவின் உத்தரவாக இருந்திருக்கும். அவன் முகத்தில் பெருமை எதுவும் தெரியவில்லை, வேர்வைதான் தெரிந்தது.

“நம்ம வீட்டுப் பொட்டி கரண்டு போனாலும் கண்ண மூடாதுலே. சில வீட்டுல கொட்டாவி விட்டாலே அணைஞ்சு போகுதாம்ல” என்று நாய்க்குச் செய்தி வாசித்தார்.

அதுகூடப் பரவாயில்லை. கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் இருப்பதைக் கண்டுபிடித்த பெரியப்பா, சாயந்தரமானால் எழுந்திருக்க மனமில்லாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்துத் திராட்சைக்குத் தண்ணீர் பாய வேண்டுமே? மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினார். கரண்டு வந்தால் மோட்டார் தானே ஓடும், போனால் நிற்கும், மறுபடி வந்தால் மறுபடி ஓடும். அவர் வரப்பு மிதிக்க வேண்டாம், நாயை எழுப்ப வேண்டாம், எங்களைத் திட்ட வேண்டாம்.

எங்கள் வீட்டில் சாயந்தரம் முதல்முறையாக நிசப்தம் வந்தது. அதைப் போலக் கொடுமை எதுவும் இல்லை. தங்கை நாலு வரிக்கு ஒரு தரம் எஃப் டூ அழுத்தினாள். செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வரும் கரண்டு பில்லைக் கணக்குப் போடும் ஒரு புரோகிராமை இரண்டு வாரமாக எழுதிக்கொண்டிருந்தாள். கணக்குகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேர்த்திருந்தாள். ஒரு சாயந்தரம் சரியாக அவள் சேவ் அழுத்திய நொடியில் மோட்டார் ஓடத் தொடங்கியது. கம்ப்யூட்டர் திரும்பி வந்தபின் ஃபைலைத் திறந்தால், அவள் எழுதிய எதுவும் இல்லை. கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்ன சிரித்த முகங்களும், சீட்டுக்கட்டில் வரும் ஹார்ட்டின், டயமண்டு குறிகளும் திரை முழுக்க வரிசையாக நின்றன. கெட்டுப்போன ஃபைல் அப்படித்தான் காட்டும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். அதை அப்போது சொல்லியிருக்கக் கூடாது.

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

“உனக்குக் காரு ஓடணும். அப்பாவுக்கு மானம் ஓடணும். அங்கன மோட்டாரு ஓடணும். எனக்கு ஒரு ஃபைல் ஓட வேணாமா?”

“மறுபடி எழுது ஆத்தா. ஒருதரம் எழுதுனது மறக்கவா போகுது?” என்றார் அப்பா.

“பேட்டரி வாங்கிக் குடுங்க.”

“அவன் மோட்டாருக்குப் பயந்தா?”

“எனக்குப் பயந்து வாங்குங்க” என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் மொட்டைமாடியில் டிவி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கீழே தங்கை மஞ்சள் பையோடு சுவர் இடிசல் வழியாக அந்தப் பக்கம் போவது தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் அந்த இடிசலைத் தாண்டி நான் பார்த்ததில்லை. நாய் பாய்ந்து வந்து குரைத்தது. பெரியப்பா வெளியே வந்தார். வந்தவளைப் பார்த்துப் பேசவும் முடியாது, பார்க்காமலிருக்கவும் முடியாது. ஆகவே நாயைப் பார்த்தார்.

“என்னத்தலே கொரைக்கிற? வழி தவறி வந்த ஆளா, தெரிஞ்சே வந்த ஆளா?”

தங்கையும் நாயைப் பார்த்தாள். “தெரிஞ்சேதான் வந்திருக்கேன்னு சொல்லு. இந்தப் பைக்குள்ள எங்க வீட்டுக் கார்டு இருக்கு. உங்க வீட்டு அண்ணன் ஆசப்படுற கேமெல்லாம் அதுலதான் ஓடும். உங்க வீட்டுப் பேட்டரிப் பொட்டிய குடுத்தா இத குடுத்துருவேன்.”

நாய் குரைப்பதை நிறுத்தியது. இத்தனை நீளமாக அதனிடம் யாரும் மரியாதையாகப் பேசியதில்லை.

“பேட்டரிப் பொட்டி எதுக்காம்னு கேளுலே” என்றார் பெரியப்பா. எதுக்கு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை எங்கள் வீட்டு வாயால் கேட்க வேண்டும்.

“உங்க மோட்டாரத் தாங்க முடியலன்னு சொல்லு.”

பெரியப்பா நிமிர்ந்தார். ஒரு தலைமுறையாக அவர் காத்திருந்த வாக்கியம் அது. அப்படியே தோட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், வேறு யாராவது கேட்டார்களா என்று. நான் ஆன்டெனாவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

உள்ளேயிருந்து அவருடைய மகன் எட்டிப் பார்த்தான். “அப்பா, பொட்டிய குடுத்துட்டா நம்ம மோட்டாரு போடும்போது நம்ம கம்ப்யூட்டரும்ல...”

“என் மோட்டாரு என்னைய கடிக்குமாலே?” என்று பெரியப்பா அவனை அதட்டினார். அப்போது மட்டும் நாயைப் பார்க்க மறந்துவிட்டார். “அது யார் வீட்டுக் காசுல வாங்குன மோட்டாரு! தூக்கிக் குடு அந்தப் பொட்டிய.”

நான் படியில் இறங்கி வந்தபோது யூபிஎஸ் எங்கள் மேஜைக்கடியில் இருந்தது. கேபினட்டின் பக்கத் தகடு கழன்று கிடந்தது. என் கார்டு இருந்த இடத்தில் ஒரு நீள ஓட்டை. அதன் வழியாகச் சுவர் தெரிந்தது.

“என் கார்டு எங்க?”

“மோட்டாரு வீட்டுல.”

“அவுக மதர்போர்டுல அது நுழையுமான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அந்த அண்ணன்தான் சொல்லுச்சு. உத்தமபாளையம் பஸ்ஸுல தெனமும் பேசிட்டுத்தான போறோம். எங்களுக்கெல்லாம் நாயி தேவையில்ல.”

கழன்று கிடந்த தகட்டை எடுத்து ஓட்டையை மூடினேன். சாயந்தரம் அப்பா வந்தார். பெட்டியைப் பார்த்தார். அது யாருடையது என்று தெரிந்ததும் கேபினட்டைவிடச் சத்தமாக அதிர்ந்தார். எதிரி வீட்டுப் பொருள் வீட்டுக்குள்! கையேந்தி வாங்கி! இனிமேல் ஊருக்குள் எந்த முகத்தோடு நடப்பது? திரும்பக் கொண்டுபோய்ப் போடு என்று குதித்தார்.

தங்கை அசையவில்லை. “இங்கன பாருங்கப்பா. அவுக வீட்டுப் பொட்டி எங்க கெடக்கு?”

“எங்க கெடக்கு?”

“நம்ம காலுக்கடியில. நான் உக்காந்தா என் செருப்பு அது மேலதான் படுது.”

அப்பா குனிந்து பார்த்தார்.

“நம்ம வீட்டுக் கார்டு எங்க இருக்கு? அவுக கம்ப்யூட்டர் மண்டைக்குள்ள.”

“மண்டைக்குள்ளயா?”

“நட்டநடுவுல.”

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாரும் பார்க்காத மாதிரி வலது காலைத் தூக்கி யூபிஎஸ் மேல் வைத்துக்கொண்டார். பேச்சுவார்த்தை முடிந்தது.

அன்று சாயந்தரம் த்ரீபேஸ் வந்தது. மோட்டார் தானாக ஓடியது. பல்பு சிவந்து குறுகியது. மேஜைக்கடியில் ‘கீ’ என்று ஒரு சத்தம். திரையில் எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அலறல் வந்தது. பெரியப்பா மகனின் கார், என் பனிமலையின் கடைசித் திருப்பத்தில் அணைந்திருக்க வேண்டும். தொடர்ந்து அப்பனும் மகனும் ஒருவரையொருவர் திட்டும் சத்தம். நாய் இல்லை, மொபெட் இல்லை, நேருக்கு நேர். எங்கள் அப்பா வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கச்சேரி கேட்கிறவர் மாதிரி தொடையில் தாளம் போட்டார்.

கரண்டு போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் அங்கே அலறல். பெரியப்பாவால் இன்னொரு யூபிஎஸ் வாங்க முடியாது. தன் மோட்டாருக்குத் தானே பயந்தான் என்று ஊர் சொல்லும். கார்டைத் திருப்பிக் கொடுத்துப் பெட்டியைக் கேட்கவும் முடியாது. மகன் ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டு, தான் விளையாடி முடித்த பிறகே மோட்டார் போட வேண்டும் என்று சொல்லிவிட்டான். பந்தலில் திராட்சை வாடியது என்று அப்பா மொபெட்டிடம் மகிழ்ச்சியோடு தெரிவித்தார். எந்தப் பஞ்சாயத்தும் நிறுத்தாத மோட்டாரை என் கார்டு நிறுத்தியது. மோட்டார் ஓடாத அந்தச் சாயந்தரங்களில் எங்களுக்கு யூபிஎஸ்ஸே தேவைப்படவில்லை. இந்த உண்மையை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னைக் கேட்காமலே இன்னும் எதையாவது கழற்றியிருப்பார்கள்.

தங்கை கரண்டு பில் புரோகிராமை முதலிலிருந்து எழுதினாள். எரநூத்துக்கு எரநூறு வாங்கினாள். எனக்கு எப்போதும் அணையாத, எதையும் ஓட்டத் தெரியாத ஒரு கம்ப்யூட்டர் மிஞ்சியது. சைக்கிள் மட்டும் தெரிந்த எனக்கும் அதற்கும் பொருத்தம் சரியாகவே இருந்தது.

அவள் கோயம்புத்தூருக்குக் கிளம்பிய காலையில் அப்பா மொபெட்டை வாசலில் நிறுத்தித் துணிப்பெட்டியை முன்னால் வைத்தார். தங்கை பின்னால் உட்கார்ந்தாள். நான் படுக்கைச் சுருட்டோடு சைக்கிளில் காத்திருந்தேன். சுவர் இடிசலுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வந்து நின்றார். நாயை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“கொரைக்காதலே. இன்னையோட அந்த வீட்டுல இருந்த ஒரே சண்டைக்காரியும் போறா. இனிமே எதுத்து நின்னு பேச அங்கன ஒரு ஆம்பள கூட இல்ல.”

நான் அதைக் கேட்காதவன் போல சைக்கிள் மணியைத் துடைத்தேன். அப்பா அசைந்து கொடுக்கவில்லை. மெல்ல வேட்டியை மடித்துக் கட்டினார். தொண்டையைச் செருமினார். இத்தனை வருடத்தில் சொல்லாத ஒன்று அவர் வாயில் தயாராக இருந்தது முகத்திலேயே தெரிந்தது. மொபெட்டைப் பார்த்து ஆரம்பிப்பதற்காகக் காலைத் தூக்கி ஒரு உதை விட்டார்.

அது முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.

பின்னால் தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். கிளம்பிய வண்டியை என்ன சொல்லித் திட்டுவது? அப்பா கியர் இல்லாத அந்த வண்டியை முறுக்கிக்கொண்டு போனார். பெரியப்பா நாயைத் தட்டிக்கொடுத்தார். அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய அப்பா அன்று முழுக்க மொபெட்டோடு பேசவில்லை.